நாலு போர்ட் ஃபேன்லெஸ் ஃபயர்வால் பாக்ஸ்: லைட் எரியுது, ஆனா ஒண்ணும் போகலை

ஏழு மாசம் இந்த பாக்ஸோட குடும்பம் நடத்தியாச்சு, இனிமே ரிவ்யூ எழுதலாம். வாங்கின மறுநாளே அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போறவங்களை பாத்தா எனக்கு கொஞ்சம் பயம்தான், ஏன்னா முதல் மூணு வாரம் நானும் அஞ்சு ஸ்டார் போடுற மூட்லதான் இருந்தேன். கம்பெனி பேரு சொல்லப்போறதில்லை. இதே போர்டை பத்து பேரு பத்து ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, ஒருத்தரை மட்டும் பிடிச்சு திட்டி பிரயோஜனம் இல்லை. கறுப்பு கலர் அலுமினிய பெட்டி, ரெண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும், மேல வரிவரியா ஃபின், நாலு கிகாபிட் போர்ட், 8 ஜிபி ரேம், ஃபேன் கிடையாது, சத்தமே வராது. இதுல பிஎஃப்சென்ஸ் (ஃப்ரீபிஎஸ்டிங்கற ஓஎஸ் மேல ஓடற ஃபயர்வால் சாஃப்ட்வேர்) ஏத்தி முப்பது பேர் வேலை பாக்குற ஒரு ஆபீஸுக்கு வாசல் காவலுக்கு உக்கார வெச்சேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். பெட்டி வேலைப்பாடு சூப்பர், கன்சோல் போர்ட் தனியா இருக்கு (இது எவ்வளவு பெரிய விஷயம்னு பின்னாடி புரியும்), இன்ஸ்டால் கால் மணி நேரத்துல முடிஞ்சுது, நாலு போர்ட்டையும் கேக்காமலே கண்டுபிடிச்சுது. ஐபெர்ஃப்3ங்கற ஸ்பீடு டெஸ்ட்டை ஒரு நிமிஷம் ஓட்டினேன், 940 எம்பிபிஎஸ் வந்துச்சு. கிகாபிட் லைன்ல டிசிபிக்கு (தொலைஞ்ச பாக்கெட்டை திரும்ப அனுப்பி சரி பண்ற முறை) கிடைக்கிற உச்சமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், மிச்சம் ஹெடருக்கும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் விடுற இடைவெளிக்கும் போயிடும். அட்டைப்பெட்டில போட்டிருந்த ‘ஃபுல் கிகாபிட்’ பொய் இல்லைன்னு சந்தோஷமா ரேக்ல மாட்டிட்டு போயிட்டேன்.

நாலாவது வாரம் பேக்கப் சர்வரை தனி விலேனுக்கு (ஒரே கம்பிலயே பிரிச்சு வெக்கிற தனி நெட்வொர்க்) மாத்தினோம். அன்னிக்கு ராத்திரி ரெண்டே காலுக்கு ஃபோன், ஷிஃப்ட்ல இருந்த தம்பி, “அண்ணா, நெட் இல்லை, ஃபயர்வால்ல லைட் எல்லாம் நல்லாத்தான் எரியுது”ன்னான். நான் வீட்டுல இருந்து விபிஎன் போட்டு பாத்தா விபிஎன் கனெக்ட் ஆகுது! அதாவது வேன் (வெளி இன்டர்நெட்) பக்கம் உயிரோட இருக்கு, ஃபயர்வால் உயிரோட இருக்கு, ஆபீஸ் பக்கம் போற லேன் போர்ட் மட்டும் போயிடுச்சு. ஆனா டேஷ்போர்டுல அந்த போர்ட் பச்சை அம்பு, 1000 ஃபுல் டூப்ளெக்ஸ், எல்லாம் சுபம்னு காட்டுது.

லைட் எரியுதேன்னு நம்பாதீங்க. கேபிள்ல மறுபக்கத்தோட கைகுலுக்கி லிங்க் பிடிக்கிறது ஃபைங்கிற பகுதி, லைட்டு அதோட சமாச்சாரம். பாக்கெட்டை மெமரில இருந்து அள்ளி வெளிய தள்றது சிப்புக்குள்ள வேற பகுதி. ரெண்டாவது மயக்கம் போட்டாலும் முதல்ல இருக்கறது ஜம்முனு லைட்டை எரிய விட்டுட்டே இருக்கும்.

உள்ள போய் ஃபயர்வால்ல இருந்தே ஒரு லேன் மெஷினுக்கு பிங் அடிச்சேன். ‘நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்’னு வந்துச்சு. இந்த ஒரு வரில நான் மூணு நாள் தொலைஞ்சேன். பஃபர் இல்லைன்னா எம்பஃப் (பாக்கெட்டை வெக்கிற மெமரி) தீந்து போச்சு, அப்போ லோடர் கான்ஃப்ங்கற பூட் செட்டிங் ஃபைல்ல அதோட வரம்பான என்எம்பிகிளஸ்டர்ஸ் நம்பரை ஏத்தணும்னு எல்லாரும் சொல்ற அதே மருந்தைத்தான் நானும் எடுத்தேன், டபுள் ஆக்கினேன், அப்புறம் 10 லட்சம் ஆக்கினேன், அடுத்த ராத்திரி அதே டைமுக்கு அதே மாதிரி படுத்துச்சு. அப்புறம்தான் புத்தி வந்து நெட்ஸ்டாட் மைனஸ் எம் (எம்பஃப் கணக்கு காட்டற கமாண்ட்) போட்டு பாத்தேன், ‘டினைட்’ன்னு வர்ற இடத்துல எல்லாமே பூஜ்யம். எம்பஃப் ஒண்ணு கூட பத்தாம போகலை. அந்த எரர் சொன்னது மெமரியை இல்லை, அந்த இன்டர்ஃபேஸோட வெளிய போற க்யூ நிரம்பி வழியுதுங்கறதை. க்யூ ஏன் நிரம்புது? சிப் எடுத்துக்க மாட்டேங்குது, அதான்.

ஐஎஃப்கான்ஃபிக் (போர்ட் நிலவரம் காட்டற கமாண்ட்) போட்டு பாத்தா சாட்சி அங்கேயே இருந்துச்சு. ‘அப், பிராட்காஸ்ட், ரன்னிங்’னு வர்ற கொடி வரிசைல நடுவுல ‘ஓஆக்டிவ்’னு ஒண்ணு உக்காந்திருந்துச்சு. அனுப்பற வரிசை ஃபுல், இனிமே குடுக்காதேன்னு டிரைவர் கதவை சாத்தி வெச்சதுக்கு அடையாளம் அது. வேலை மும்முரத்துல ஒரு கணம் வந்துட்டு போனா தப்பில்லை, அஞ்சு தடவை அடுத்தடுத்து பாத்தும் அங்கேயே நின்னா போர்ட் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். டிசிபிடம்ப் (போற வர்ற பாக்கெட்டை காட்டற கமாண்ட்) போட்டேன், ஆபீஸ் மெஷின் எல்லாம் ‘கேட்வே யாருப்பா’ன்னு ஏஆர்பில கத்திட்டே இருக்கு, அது எல்லாம் உள்ள வருது, பதில் ஒண்ணு கூட வெளிய போகலை. காது கேக்குது, வாய் திறக்கலை. இன்டர்ஃபேஸை டவுன் பண்ணி அப் பண்ணேன், ரெண்டு செகண்ட்ல உயிர் வந்துடுச்சு. டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ வரிசையா கிடந்துச்சு. சிப்புக்கு பாக்கெட் குடுத்து சில செகண்ட் ஆகியும் ‘அனுப்பிட்டேன்’னு பதில் வரலைன்னா டிரைவர் அடிக்கிற மணி அது, அடிச்சிட்டு சிப்பை ரீசெட் பண்ணும். இந்த பாக்ஸ்ல பாதி தடவை ரீசெட் எடுபட்டுச்சு, பாதி தடவை எடுபடலை.

சப்போர்ட்டை பத்தி ஒரு பாரா எழுதாம இருக்க முடியலை. மெயில் போட்டா மறுநாளே பதில் வந்துடும், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பதில் என்னன்னா முதல்ல கேபிளை மாத்துங்க சார், அடுத்தது ஸ்விட்ச் போர்ட்டை மாத்துங்க சார், அதுக்கடுத்து ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க சார். நான் லாக் அனுப்பறேன், ஓஆக்டிவ் அனுப்பறேன், அவங்க திரும்ப கேபிள்லயே நிக்கிறாங்க. சரி, கேபிளும் மாத்தினேன், அதுவும் செய்ய வேண்டியதுதான், ஒரு ஜோடி கம்பி அறுந்தா கிகாபிட் 100க்கு இறங்கிடும், சிஆர்சி எரர் (பாக்கெட் சிதைஞ்சு வர்ற கணக்கு) ஏறும். இங்க எரர் கவுன்ட்டர் சுத்தமா பூஜ்யம். கேபிள் நிரபராதி. லேனையும் மூணாவது போர்ட்டையும் இடம் மாத்தி பாத்தேன், அன்னிக்கு மூணாவது போர்ட் படுத்துச்சு, பழைய லேன் போர்ட் சமத்தா இருந்துச்சு. இதுதான் எனக்கு உருப்படியா கிடைச்ச முதல் விஷயம்: பிரச்சனை குறிப்பிட்ட போர்ட்ல இல்லை, எங்க லோடு போகுதோ அங்க. ஒரே ஒரு போர்ட் மட்டும் படுக்குதுன்னா வாரன்டிக்கு அனுப்பிடுங்க, லோடு பின்னாடியே போகுதுன்னா அதே மாடல்ல புதுசு வந்தாலும் இதேதான் நடக்கும்.

ஏன் லேன் மட்டும்? நான் போட்ட டிசைன் அப்படி, என் தப்பும் இதுல உண்டு. எல்லா விலேனும் ஒரே போர்ட்ல டேக் போட்டு வருது. பேக்கப் டிராஃபிக் ஒரு விலேன்ல இருந்து உள்ள வந்து அதே கம்பி வழியா இன்னொரு விலேனுக்கு திரும்ப வெளிய போகுது, ஆக அந்த ஒரு போர்ட் ரெண்டு திசையிலயும் ஒரே நேரத்துல ஃபுல். என் ஒரு நிமிஷ ஐபெர்ஃப் ஒரே திசைலதான் ஓடுச்சு, அது நிஜ வாழ்க்கையே இல்லை. போதாததுக்கு அதே நேரம் கேமராவும் ரெக்கார்டரும் வேற பேசிட்டு இருக்கு.

அட்டைப்பெட்டில போடற நம்பர்ல இருக்கிற சூட்சுமத்தையும் சொல்லிடறேன். 1500 பைட் பெரிய பாக்கெட்டா போனா ஒரு கிகாபிட் லைனை நிரப்ப செகண்டுக்கு 81 ஆயிரம் சொச்சம் பாக்கெட் போதும். 64 பைட் குட்டி ஃப்ரேமா போனா அதே லைனை நிரப்ப 14 லட்சத்து 88 ஆயிரம் வேணும், பதினெட்டு மடங்கு. ஃபயர்வாலுக்கு வேலை பைட் கணக்குல வர்றதில்லை, பாக்கெட் கணக்குலதான் வருது, ஒவ்வொண்ணுக்கும் ரூலையோ ஸ்டேட் டேபிளையோ (ஓடிட்டு இருக்கற கனெக்‌ஷன் பட்டியல்) பாக்கணும், இன்டரப்ட் (பாக்கெட் வந்தாச்சுன்னு சிப் சிபியுவை தட்டறது) வாங்கணும், ரிங்ல (சிப்போட பாக்கெட் வரிசை) போடணும். ‘ஃபுல் கிகாபிட்’னு போடறவங்க பெரிய பாக்கெட்டை வெச்சு அளந்துட்டு போட்டுடறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி செகண்டுக்கு எத்தனை பாக்கெட்னு கேளுங்க, பதில் வரலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்த ரெண்டு வாரம் நான் என்னென்ன தட்டி பாத்தேன்னு வேகமா சொல்றேன். ஸ்டேட் டேபிள், பிஎஃப்சிடிஎல் மைனஸ் எஸ்ஐ போட்டேன், 12 ஆயிரம் ஸ்டேட் ஓடுது, 8 ஜிபி ரேமுக்கு டீஃபால்ட் வரம்பு சுமார் 8 லட்சம், அது பக்கத்துலயே வரலை. பயாஸ்ல ஏஎஸ்பிஎம் (பிசிஐஇ பவர் சேவிங்) ஆஃப் பண்ணேன், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் ஆஃப் பண்ணேன், ஃப்ளோ கன்ட்ரோல் ஆஃப் பண்ணேன், பெருசா மாற்றம் தெரியலை. சூரிகாட்டா ஐபிஎஸ் (தாக்குதலை பிடிச்சு தடுக்கற சாஃப்ட்வேர்) இன்லைன் மோட்ல ஓடிட்டு இருந்துச்சு, அது நெட்மேப்பை (டிரைவர்கிட்ட இருந்து பாக்கெட்டை நேரா எடுக்கற வழி) பிடிச்சு தொங்கற சாமான், டிரைவர் ஒழுங்கா சப்போர்ட் பண்ணலைன்னா தலைவலிதான், நிறுத்தி பாத்தேன், ராத்திரி ரெண்டு தடவை படுத்தது ஒரு தடவை ஆச்சு. கொஞ்சம் தேவலை, ஆனா காரணம் அது இல்லை.

உண்மையா வித்தியாசம் தெரிஞ்சது ஆஃப்லோடுல, அதாவது சிபியு செய்யற வேலையை நெட்வொர்க் சிப்புக்கு தள்ளி விடறதுல. சிஸ்டம், அட்வான்ஸ்ட், நெட்வொர்க்கிங் பக்கத்துல கீழ மூணு டிக் இருக்கு, செக்சம் ஆஃப்லோடு (பிழை சரிபாக்கற கணக்கு), டிஎஸ்ஓ (போற டேட்டாவை சிப்பே பாக்கெட்டா வெட்டறது), எல்ஆர்ஓ (வர்ற பாக்கெட்டை ஒட்டறது). எல்ஆர்ஓவும் டிஎஸ்ஓவும் சர்வருக்கு நல்லது, ரூட்டருக்கு வேலையே இல்லை, வர்ற பாக்கெட்டை எல்லாம் ஒட்டி பெருசாக்கி குடுத்தா அதை அப்படியே அடுத்தவனுக்கு எப்படி ஃபார்வர்ட் பண்றது? அது ரெண்டும் ஏற்கனவே ஆஃப்லதான் இருந்துச்சு. செக்சம் மட்டும் ஆன். அதையும் ஆஃப் பண்ணி ரீபூட் பண்ணேன். பேக்கப் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல படுத்துட்டு இருந்த போர்ட் இப்போ நாற்பது நிமிஷம் தாங்குச்சு. ஆனா படுத்துச்சு. நாற்பது நிமிஷங்கற இந்த கணக்குதான் எனக்கு துப்பு. லோடு முதல் நிமிஷமும் நாற்பதாவது நிமிஷமும் ஒண்ணுதான், அப்போ நாற்பது நிமிஷத்துல மாறுறது என்ன? சூடு.

சிபியு டெம்பரேச்சர் 58தான் காட்டுது, அதுனாலதான் நான் அந்த பக்கமே போகலை. ஒரு ஞாயித்துக்கிழமை லோடு ஓடிட்டு இருக்கும்போதே அடித்தட்டை கழட்டினேன், அந்த நாலு ஸ்க்ரூ மட்டும் பெருமையா சொல்லலாம், நல்ல ஸ்க்ரூ. உள்ள பாத்தா சிபியுவுக்கு மேல மொத்தமா ஒரு செம்பு கட்டி, தெர்மல் பேஸ்ட், எல்லாம் ராஜ மரியாதை. ஓரத்துல நாலு நெட்வொர்க் சிப், சுண்டு விரல் நகம் அளவு, தலைல துணி கூட இல்லாம மொட்டையா உக்காந்திருக்கு, பெட்டிக்கும் அதுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் காத்து. விரலை வெச்சு பாத்தேன், லேன் போர்ட்டோட சிப்புல ஒரு செகண்ட் கூட வெக்க முடியலை, இஸ்திரிப்பெட்டி. பக்கத்துல சும்மா இருந்த நாலாவது சிப் வெதுவெதுப்பா இருந்துச்சு, அவ்வளவுதான். டேஷ்போர்டுல தெரியற டெம்பரேச்சர் சிபியுவோடது, இந்த சிப்புக்கெல்லாம் இந்த போர்டுல எங்கேயும் மீட்டர் கிடையாது.

அன்னிக்கு ராத்திரி ரேக்குக்கு முன்னாடி ஒரு டேபிள் ஃபேனை வெச்சு அடித்தட்டு இல்லாமலே ஓட விட்டேன். பேக்கப் மூணு மணி நேரம் முழுசா ஓடி முடிஞ்சுது. ஆறு வாரத்துல முதல் தடவை.

மறுநாள் தெர்மல் பேட் வாங்கி நாலு சிப்புக்கும் வெட்டி ஒட்டினேன், பெட்டியே ஹீட்சிங்க் ஆச்சு. இதோட நிக்காம டிரைவரையும் மாத்தினேன். ஃப்ரீபிஎஸ்டிகூட வர்ற டிரைவருக்கு பதிலா அந்த சிப் பண்றவங்களே குடுக்கற கெர்னல் மாட்யூல் பேக்கேஜா கிடைக்குது, அதை போட்டு லோடர் கான்ஃப்.லோக்கல்ல ரெண்டு வரி எழுதி ரீபூட், கேஎல்டிஸ்டாட்ல புது மாட்யூல் ஏறியிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டேன், அதை பாக்காம ஏறிடுச்சுன்னு நம்பி ரெண்டு நாள் வீணாக்கின கதை இன்னொண்ணு இருக்கு, விடுங்க. அதுக்கப்புறம் வாட்ச்டாக் மணி அடிக்கவே இல்லை. எது காப்பாத்துச்சு, பேடா டிரைவரான்னு கேட்டீங்கன்னா பேடை மட்டும் எடுத்து பாத்திருக்கணும், எடுக்கற தைரியம் எனக்கு இல்லை.

நடுவுல ஒரு வாரம் நான் பண்ணின அசிங்கத்தையும் ஒத்துக்கறேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை லேன்ல பிங் அடிச்சு பதில் இல்லைன்னா இன்டர்ஃபேஸை டவுன் பண்ணி அப் பண்ற ஸ்கிரிப்ட் ஒண்ணை கிரான்ல போட்டு வெச்சிருந்தேன். ஃபோன் வர்றது நின்னுச்சு, பேக்கப் ஃபைல் பாதில அறுந்தது நிக்கலை, அது நாலு நாள் யாருக்கும் தெரியலை. முதலுதவிக்கு ஓகே, அதையே வைத்தியம்னு நினைச்சு தூங்கிடாதீங்க.

இப்போ மறுபடி டெஸ்ட். இந்த தடவை ஒழுங்கா. ஐபெர்ஃபை ஃபயர்வால் மேலயே ஓட்டக்கூடாது, அந்தப்பக்கம் ஒரு மெஷின் இந்தப்பக்கம் ஒரு மெஷின், நடுவுல ஃபயர்வால் வெறும் வழி விடணும், அப்போதான் நிஜ கணக்கு. எட்டு ஸ்ட்ரீம், ரெண்டு திசையும் ஒரே நேரத்துல, ரெண்டு மணி நேரம். தாங்குச்சு. அடுத்தது 64 பைட் யுடிபி (பதிலுக்கு காத்திருக்காம அனுப்பற முறை), முடிஞ்ச அளவு வேகமா. இதுல பாக்ஸ் திணறுச்சு, டாப் கமாண்ட்ல சிஸ்டம் த்ரெட்டையும் காட்ட சொன்னா ஒரு கோர் இன்டரப்ட்லயே 100ல நிக்குது, மூணு கோர் ஈ ஓட்டுது, ஏன்னா இந்த சிப்ல எல்லா பாக்கெட்டும் ஒரே க்யூலதான் வருது, ஒரே கோர் தலைலதான் விழுது. பாக்கெட் நிறைய டிராப் ஆச்சு. ஆனா லோடை நிறுத்தின அடுத்த செகண்ட் பிங் பதில் வந்துச்சு, ஓஆக்டிவ் இல்லை, வாட்ச்டாக் இல்லை. எனக்கு இது போதும். ஃபயர்வால் சக்திக்கு மேல வந்தா டிராப் பண்றது நியாயமான விஷயம், டிசிபி அதை பாத்துக்கும். மயக்கம் போட்டு விழுந்து யாராவது வந்து எழுப்பற வரைக்கும் கிடக்கறதுதான் அநியாயம். ரிவ்யூ எழுதறவங்க ஸ்பீடு மட்டும் எழுதறீங்க, லோடுக்கப்புறம் எழுந்து நின்னுச்சான்னு எழுதுங்க ப்ளீஸ்.

டிசைனையும் மாத்திட்டேன், பேக்கப் விலேனுக்கு சும்மா கிடந்த நாலாவது போர்ட்டை தனியா குடுத்தாச்சு, ஒரே கம்பில போய்ட்டு வர்ற கூத்து இல்லை. இதை முதல் நாளே பண்ணியிருந்தா இந்த கோளாறு எனக்கு தெரியாமலே போயிருக்கும், அது நல்லதா கெட்டதான்னு தெரியலை.

அப்போ வாங்கலாமா? வீட்டுக்கு, இல்லை பத்து பேர் ஆபீஸுக்கு, 300 எம்பிபிஎஸ் லைனுக்கு, தாராளமா வாங்குங்க, ஆனா வந்ததும் அடித்தட்டை கழட்டி நெட்வொர்க் சிப்புக்கு பேட் இருக்கான்னு பாருங்க. விலேன் நடுவுல கனமா டேட்டா ஓடற இடத்துக்கு வேண்டாம். அந்த மாதிரி இடத்துக்கு பிசிஐஇ ஸ்லாட் இருக்கற ஒரு சின்ன பிசி எடுத்து இன்டெல் ஐ350 நாலு போர்ட் கார்டு போடுங்க, பழைய சரக்குதான், ஆனா போர்ட்டுக்கு எட்டு க்யூ வரைக்கும் இருக்கு, லோடு எல்லா கோருக்கும் பிரிஞ்சு போகும். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த கார்டுக்கு சந்தைல போலி ஏராளம், நம்பகமான இடத்துல எடுங்க. இன்னொண்ணு, உங்க லைன் பிபிபிஓஇயா (யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து கனெக்ட் ஆகற முறை) இருந்தா எத்தனை க்யூ இருந்தாலும் ஃப்ரீபிஎஸ்டில அந்த வேன் டிராஃபிக் பொதுவா ஒரே க்யூலதான் வந்து விழும், அப்போ கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரோட வேகம்தான் முக்கியம்.

பெட்டிக்கு நாலு ஸ்டார், நெட்வொர்க் சிப்பை மொட்டையா விட்ட புண்ணியவானுக்கு ஒண்ணு, சப்போர்ட்டுக்கு ரெண்டு, அதுவும் சீக்கிரம் பதில் போட்டதுக்காக. கன்சோல் போர்ட்டுக்கு தனியா அஞ்சு குடுப்பேன், வேன் லைனே இல்லாத ஒரு ராத்திரி லேனும் படுத்தப்போ லேப்டாப்பை எடுத்துட்டு போய் அது வழியாதான் உள்ள நுழைஞ்சேன்.

டேபிள் ஃபேனை போன வாரம்தான் ரேக் முன்னாடி இருந்து எடுத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு ஃபுல் பேக்கப் ஓடிடுச்சு, ஃபோன் வரலை.